உதகையின் உயரத்தில் செல்வெளி நுண்பைகள்: மேற்பரப்பு ஏற்பியை உறுதிசெய்யும் முறை

செல்கள் வெளியிடும், சவ்வால் சூழப்பட்ட நுண்பைகளில் ஓர் ஏற்பி (குறிப்பிட்ட மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் புரதம்) இருப்பதை, புரதங்களை ஜெல்லில் பிரித்து எதிர்ப்புரதத்தால் (ஆன்டிபாடி) அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட்டில் ஒரு பட்டையாகக் காட்டிவிடுவது எளிது; அந்த ஏற்பி நுண்பையின் சவ்வில் வெளிப்புறம் நோக்கி நிற்கிறது என்று காட்டுவதே கடினம். நீலகிரியில் இந்தச் சோதனையைச் செய்யும் ஆய்வு மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாக, இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரினைப் பற்றிக்கொள்ளும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியையும், மனித இரத்தப் புற்றுநோயிலிருந்து பெறப்பட்ட கே562 செல்களையும் பரிந்துரைக்கிறேன். 1983இல் ரோஸ் ஜான்ஸ்டோன் குழு, ஆட்டின் முதிரா சிவப்பணுக்கள் இதே ஏற்பியைச் சிறு பைகளாகக் கழித்துவிடுவதைக் கண்டறிந்தது. கே562 செல்களில் இந்த ஏற்பி மிகுதி. அவை ஊடகத்தில் மிதந்தபடியே வளர்வதால் அறுவடையும் எளிது.

முதலில் இன்குபேட்டரைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் சமவெளியில் எழுதப்பட்ட செய்முறைகள் இங்கே சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றழுத்தம் ஏறத்தாழ 580 மில்லிமீட்டர் பாதரசம் மட்டுமே. கடல் மட்டத்தில் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு தரும் 38 மில்லிமீட்டர் பகுதியழுத்தத்தை இங்கே பெற, கன அளவில் சுமார் 6.5 சதவீதம் தேவைப்படும். ஆனால் சில கருவிகளின் உணரிகள் உயரத்துக்கேற்பத் திருத்தப்பட்டவை, சில அப்படியல்ல. ஆகவே திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாமல், செல்கள் இல்லாத ஊடகத்தை ஓரிரவு உள்ளே வைத்து அதன் பிஎச்சை அளந்து பாருங்கள். ஊடகத்தின் நிறம் ஊதாவை நோக்கிச் சென்றால், கார்பன் டை ஆக்சைடு போதாமல் காரம் ஏறியிருக்கிறது என்று பொருள். அதில் நலிந்து இறக்கும் செல்களின் சிதிலங்கள் பின்னர் நுண்பைகளாகவே எண்ணப்பட்டுவிடும். ஆட்டோகிளேவுக்கும் இதே நியாயம் பொருந்தும்: 121 டிகிரி கிடைக்க, அழுத்தமானியில் சமவெளியின் 15 பிஎஸ்ஐ போதாது, 18 பிஎஸ்ஐக்கும் சற்று மேலே செல்ல வேண்டும், முள்ளை விட வெப்பமானியையே நம்புங்கள்.

கன்றுச் சீரத்திலும் நுண்பைகள் உண்டு. ஆகவே சீரத்தை ஊடகத்தில் 20 சதவீதமாக நீர்த்து, 100,000 ஜி (புவியீர்ப்பைப் போல் 100,000 மடங்கு) விசையில் 18 மணி நேரம் சுழற்றி, மேலே உள்ள தெளிவான பகுதியை மட்டும் வடிகட்டிப் பயன்படுத்த வேண்டும். இதனால் மாட்டின் நுண்பைகள் முற்றிலும் நீங்கிவிடா. செல்களே வளராத ஊடகத்தையும் இணையாக எல்லாப் படிகளிலும் கொண்டுசெல்வது அதற்காகத்தான். 48 மணி நேரத்துக்குப் பின் ஊடகத்தைச் சேகரித்து, செல்களை நீக்க 300 ஜியில் 10 நிமிடம், சிதிலங்களை நீக்க 2,000 ஜியில் 10 நிமிடம், பெரிய நுண்பைகளை நீக்க 10,000 ஜியில் 30 நிமிடம் என்று நான்கு டிகிரியில் சுழற்றி, ஒவ்வொரு முறையும் மேலுள்ள திரவத்தை மட்டும் அடுத்த படிக்கு எடுத்துச் செல்லுங்கள். பின்னர் 100,000 ஜியில் 70 நிமிடம் சுழற்றினால் சிறு நுண்பைகள் அடியில் படியும். அந்தப் படிவு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது, எனவே ரோட்டரில் குழாயின் வெளிப்பக்கத்தை முன்பே மையால் குறித்துவிடுங்கள். 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்த பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் கலக்கி, ஒருமுறை மீண்டும் சுழற்றிக் கழுவுங்கள். எங்கிருந்து தோன்றின என்று நிறுவாதவரை இவற்றை ‘எக்சோசோம்’ (செல்லின் உள்ளறைகளில் உருவாகி வெளியேறும் பை) என்று எழுதாமல், சிறு செல்வெளி நுண்பைகள் என்று எழுதுவதே நேர்மை.

அடுத்தது ட்ரிப்சின் சோதனை: புரதங்களை வெட்டும் இந்த நொதி, முழுமையான நுண்பையின் வெளிப்புறம் நீட்டியிருப்பதை மட்டுமே எட்டும். புதிதாகப் பிரித்த நுண்பைகளைச் சம அளவில் நான்கு குழாய்களில் பிரியுங்கள்: முதலாவதில் எதுவும் சேர்க்க வேண்டாம், இரண்டாவதில் ட்ரிப்சின் மட்டும், மூன்றாவதில் ட்ரிப்சினுடன் சவ்வைக் கரைக்கும் 0.1 சதவீத டிரைட்டான் எக்ஸ்-100; நான்காவதில் சோயா ட்ரிப்சின் தடுப்பானை முதலிலேயே கலந்த ட்ரிப்சின். 37 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, எல்லாவற்றிலும் தடுப்பானைச் சேர்த்து நிறுத்துங்கள். ஏற்பியின் வெளிப்பகுதியை அறியும் எதிர்ப்புரதத்தால் பார்க்கும்போது, இரண்டாம் குழாயில் சுமார் 90 கிலோடால்டன் பட்டை மறைந்து, நுண்பையின் உள்ளே இருக்கும் டிஎஸ்ஜி101 என்ற புரதம் அப்படியே எஞ்சியிருந்தால், ஏற்பி வெளிநோக்கியே இருக்கிறது. இரண்டாம் குழாயிலேயே டிஎஸ்ஜி101உம் போய்விட்டால் பைகள் கிழிந்திருக்கின்றன. மூன்றாம் குழாயிலும் அது எஞ்சினால் நொதியின் வலு போதவில்லை. எதிர்ப்புரதம் ஏற்பியின் எந்தப் பகுதியை அறியும் என்பதை வாங்கும் முன்பே பாருங்கள்: செல்லின் உட்புற வாலை அறிவதாக இருந்தால் பட்டை மறையாது, சிறிதாகிக் கீழிறங்கும். என் முதல் சோதனையைக் குழப்பியது அதுதான்.

ஜெல்லை இரண்டாக ஓட்ட வேண்டும்: ஒன்றில் புரதங்களின் டைசல்ஃபைடு பிணைப்புகளை உடைத்து, மற்றொன்றில் உடைக்காமல். நுண்பைகளின் அடையாளப் புரதங்களான சிடி9, சிடி63, சிடி81 ஆகியவற்றுக்கான எதிர்ப்புரதங்களில் பல, டைசல்ஃபைடு பிணைப்புகள் உடைக்கப்படாத மாதிரியில் மட்டுமே வேலை செய்யும். அதே ஜெல்லில் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி இரட்டையாக, ஏறத்தாழ 180 கிலோடால்டனில் நிற்கும். செல் சிதிலம் கலக்கவில்லை என்று காட்ட, செல்லின் உள்ளே உள்ள எண்டோபிளாச வலையின் புரதமான கால்நெக்சின் நுண்பை மாதிரியில் தெரியாமலும், செல் சாற்றில் தெரிந்தும் இருக்க வேண்டும். மாதிரியை 95 டிகிரியில் சூடாக்குவதற்கு உலர்வெப்பக் கட்டையைப் பயன்படுத்துங்கள். உதகையில் தண்ணீர் ஏறக்குறைய 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் நீர்த்தொட்டி அந்த அளவை எட்டாது.

எஞ்சிய நுண்பைகளைச் சிறு சிறு பங்குகளாக மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். மழைக்காலத்தில் மின்தடையால் உறைந்து இளகிய பங்கை புரத அளவீட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். பைகள் கிழிந்திருக்கக்கூடும் என்பதால் ட்ரிப்சின் சோதனைக்கு அது உதவாது.