லே நகரை நடந்தே பார்ப்பது எப்படி? முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

லடாக்கின் லே நகருக்குச் செல்பவர்களில் பலர், அதை இரவில் உறங்கும் இடமாக மட்டும் வைத்துக்கொண்டு, மறுநாளே வாடகைக் காரில் பாங்கோங் ஏரிக்கோ கார்துங் லா கணவாய்க்கோ விரைந்துவிடுகிறார்கள். அந்த அவசரம் எனக்கு வருத்தம் தருகிறது. ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவே மழை பெறும் ஒரு பாலை நிலத்தில், பனி உருகி வரும் ஓடை ஒன்று எவ்வாறு ஒரு நகரையே வாழவைக்கிறது என்பதை நடந்து பார்த்தால்தான் உணர முடியும். உடல் பழகப் பழக நடையின் தூரத்தைக் கூட்டிச் செல்வதே கீழே சொல்லப்படும் முறை.

முதல் படி: நடக்காமல் இருத்தல்

லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன்தான் கிடைக்கும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ வாழ்ந்து பழகிய உடல், டெல்லியிலிருந்து விமானத்தில் நேராக அங்கே போய் இறங்கும்போது, எவ்வளவு திடகாத்திரமாக இருந்தாலும் திணறத்தான் செய்யும். ஆகவே முதல் இரண்டு நாட்கள் அறையிலேயே ஓய்வெடுங்கள், தண்ணீர் போதுமான அளவு குடியுங்கள், மதுவைத் தொடாதீர்கள். லேசான தலைவலியும் தூக்கமின்மையும் பலருக்கும் வருவதுதான். ஆனால் தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தாலோ, நடை தள்ளாடினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உயரத்தால் வரும் உடல்நலக் கோளாறைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை தேவையா என்பதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: கடைவீதியும் பழைய நகரும்

வாகனங்கள் நுழையாத முதன்மைக் கடைவீதியில் தொடங்குங்கள். சாலையோரத்தில் பெண்கள் தங்கள் தோட்டத்துக் காய்கறிகளையும் ஆப்ரிகாட் பழங்களையும் பரப்பி விற்பார்கள். அவர்களிடம் "ஜூலே" என்று சொல்லுங்கள், வணக்கத்துக்கும் நன்றிக்கும் அந்த ஒரு சொல்லே போதும். பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜாமா மசூதிக்குப் பின்னால் ரொட்டி சுடுபவர்களின் சந்து இருக்கிறது. தந்தூர் அடுப்பின் உட்சுவரில் மாவை அறைந்து ஒட்டி, வெந்ததும் கம்பியால் கொக்கி போட்டு எடுக்கிறார்கள். மத்திய ஆசியாவின் யார்க்கந்துக்கும் காஷ்மீருக்கும் இடையே வணிகர் கூட்டங்கள் லே வழியாகப் போய்வந்த காலத்தை நினைவுபடுத்தும் சந்து அது. அங்கிருந்து மண் வீடுகளுக்கிடையே மேலேறினால், செங்கே நம்க்யால் மன்னர் காலத்து ஒன்பது அடுக்கு அரண்மனையை அடையலாம். வழியில் மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய மணிச் சுவரோ, சோர்ட்டன் எனப்படும் பௌத்த ஸ்தூபியோ எதிர்ப்பட்டால், அது உங்கள் வலக்கைப் பக்கம் இருக்குமாறு கடந்து செல்ல வேண்டும்.

மூன்றாம் படி: தண்ணீரைத் தொடர்ந்து நடத்தல்

என்னைக் கேட்டால், ஒரே ஒரு நடைக்குத்தான் நேரமிருக்கிறது என்பவர்கள் இதையே தேர்ந்தெடுக்க வேண்டும். கடைவீதியிலிருந்து வடக்கே சங்கர் மடாலயம் நோக்கி மெல்ல ஏறும் பாதையில், நெட்டிலிங்கம் போல் உயர்ந்த பாப்லர் மரங்களுக்கும் வில்லோ மரங்களுக்கும் அடியில் சிறு வாய்க்கால்கள் ஓடுகின்றன. அவற்றை யூரா என்கிறார்கள். ஒரு வயலுக்குப் பாய்ந்து முடிந்ததும், கல்லையும் புல்வேரோடு பெயர்த்த மண்கட்டியையும் வைத்து மடையை அடைத்து அடுத்த வயலுக்குத் திருப்பிவிடுவார்கள். யாருக்கு எப்போது தண்ணீர் என்பதை முறைப்படுத்துபவருக்குச் சுர்போன் என்று பெயர். நம் ஊரின் நீர்க்கட்டியைப் போன்ற பொறுப்பு அது. வாய்க்காலோரம் கிடக்கும் கல்லை, உட்காருவதற்காகக்கூட நகர்த்திவிடாதீர்கள்; அது யாரோ ஒருவரின் பார்லி வயலுக்கான மடையாக இருக்கலாம்.

நான்காம் படி: செமோ குன்று

தலைவலி முற்றிலும் நின்ற பிறகே இதற்குப் புறப்படுங்கள். அரண்மனைக்குப் பின்னாலிருந்து நம்க்யால் செமோ மடாலயத்துக்குச் செங்குத்தான பாதை ஏறுகிறது. பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். இறங்கும்போது சரளைக் கல் சறுக்கும்; நன்றாகப் பிடிக்கும் அடிப்பகுதியுள்ள காலணி அவசியம். உச்சியிலிருந்து பார்த்தால், வாய்க்கால் எட்டும் இடம் வரை பச்சையும் அதற்கு அப்பால் வெறும் மண்ணுமாக நிலம் ஒரு கோட்டில் பிரிந்து கிடப்பதும், சிந்து நதிக்கு அப்பால் 6,153 மீட்டர் உயரமுள்ள ஸ்டோக் காங்ரி நிற்பதும் தெரியும்.

ஐந்தாம் படி: நகருக்கு வெளியே

பேருந்தில் ஷே வரை சென்று, அங்கிருந்து திக்சே மடாலயம் வரை ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நடக்கலாம். பெரும்பாலும் சமதளம், வழியில் வெள்ளைச் சோர்ட்டன்கள் நூற்றுக்கணக்கில் மணல்வெளியில் பரந்து கிடக்கின்றன. நிழல் அநேகமாக இல்லை என்பதால் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன் மூன்றும் வேண்டும். வெயிலில் சுட்டாலும் நிழலில் குளிரும், ஆகவே மேல்சட்டையையும் பையில் வைத்திருங்கள். பிற்பகலில் புழுதிக் காற்று எழும். காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. திரும்பும் பேருந்து எப்போது என்பதை ஷேயில் இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இருட்டிய பின் லேயின் ஒதுக்குப்புறங்களில் தெருநாய்கள் கூட்டமாகத் திரியும் என்பதால், வெளிச்சம் இருக்கும்போதே அறைக்குத் திரும்பிவிட வேண்டும்.