சுகர் இருக்குமோ என்ற பயத்தோடு படுக்கப் போகிறவர்களுக்கு

ராத்திரி இரண்டு மணிக்கு மூன்றாவது தடவையாக பாத்ரூம் போய்விட்டு வந்து, படுத்த இடத்திலேயே போனை எடுத்து ‘அடிக்கடி யூரின் வருவது எதனால்’ என்று தேடி, வந்ததையெல்லாம் படித்துவிட்டு விடியும்வரை கண் மூடாமல் கிடந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன வருஷம் சித்திரை வெயிலில் நானும் அப்படித்தான் கிடந்தேன். வடசென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் ஆயாவுக்கு சுகர், அம்மாவுக்குப் பதினெட்டு வருஷமாக சுகர், பெரியம்மாவுக்குக் கால் கட்டைவிரலையே எடுத்துவிட்டார்கள். நமக்கும் வந்துவிட்டது என்று மனசு தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் டெஸ்ட் எடுக்கப் போகவில்லை. மூன்று மாதம் வெறுமனே பயந்துகொண்டிருந்தேன். ஒரே ஒரு காலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

அந்த ஒரு காலை வேலையை எப்படிச் சரியாகச் செய்வது, வந்த தாளை எப்படிப் படிப்பது என்பதுதான் இங்கே விஷயம். நான் டாக்டர் இல்லை. டாக்டரைப் பார்க்கும் வரைக்கும், பார்த்த பிறகும் ஒரு ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் அறிகுறிகள். தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமே இல்லாமல் எடை குறைவது, அசதி, கண் மங்கலாகத் தெரிவது, புண் ஆறாமல் இழுப்பது, பிறப்புறுப்பில் அரிப்பு, காலில் மதமதப்பு என்று எல்லாரும் ஒரே பட்டியலைத்தான் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் அந்தப் பட்டியலில் சொல்லாமல் விடுவது ஒன்று இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே தள்ள ஆரம்பிக்கும். சர்க்கரை வெளியே போகும்போது தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அடிக்கடி சிறுநீர், அதனால்தான் தாகம். அந்தக் காலத்தில் மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை வியாதி என்று ஆயா சொல்வதும் இதனால்தான். அப்படியென்றால் வெறும் வயிற்றில் 130 இருக்கிற ஒருவருக்கு உடம்பில் ஒன்றுமே தெரியாமல் போகலாம், வருஷக்கணக்கில் கூட. இன்னொரு பக்கம், ராத்திரி மூன்று தடவை எழுகிற எல்லாருக்கும் சுகர் கிடையாது. யூரின் இன்ஃபெக்‌ஷன், ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு ப்ராஸ்டேட் வீக்கம், பிபிக்குப் போடும் சில மாத்திரைகள், படுக்கும் முன் குடிக்கும் டீ, எல்லாமே அதைச் செய்யும். அசதிக்கு ரத்தசோகை, தைராய்டு. மதமதப்புக்கு வைட்டமின் பி12 குறைவு. அதனால் உடம்பு சொல்வதை மட்டும் வைத்து ஆமாம் என்றும் முடிவு பண்ணாதீர்கள், இல்லை என்றும் முடிவு பண்ணாதீர்கள்.

பிள்ளைகள் விஷயம் மட்டும் வேறு. நன்றாக இருந்த குழந்தை சில வாரத்தில் இளைத்துப் போய், ஓயாமல் தண்ணீர் கேட்டு, படுக்கையில் மூத்திரம் போகும் பழக்கம் நின்றுபோயிருந்து திரும்ப வந்தால், அன்றைக்கே ரத்தம் பாருங்கள். கூடவே வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, வாயில் பழ வாசனை இருந்தால் லேபைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெரியவர்களுக்கும் வாந்தி, மயக்கம், குழப்பமான பேச்சு இருந்தால் இதேதான்.

அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் யார் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்பதற்கு சென்னையில் சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. மோகன் குழுவினர் ஒரு எளிய கணக்கு போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு டேப் இருந்தால் போதும். வயது 35-லிருந்து 49 என்றால் 20, ஐம்பதும் அதற்கு மேலும் என்றால் 30. பெற்றோரில் ஒருவருக்கு சுகர் என்றால் 10, இரண்டு பேருக்கும் என்றால் 20. இடுப்புச் சுற்றளவு பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரிலிருந்து 89 என்றால் 10, 90-ஐத் தொட்டால் 20. ஆணுக்கு 90-லிருந்து 99 என்றால் 10, நூறைத் தொட்டால் 20. உட்கார்ந்த வேலை, நடையும் கிடையாது என்றால் 30. கூட்டினால் 60-ம் அதற்கு மேலும் வந்தால் அபாயம் அதிகம். எனக்கு வயது 41, அம்மாவுக்கு சுகர், இடுப்பு 88, எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் பில் போடும் வேலை. கூட்டினேன், 70 வந்தது. பிரசவ காலத்தில் சுகர் இருந்த பெண்கள் இந்தக் கணக்கே போட வேண்டாம். குழந்தை பிறந்த மூன்று மாதத்துக்குள் ஒரு தடவை பார்த்துவிட்டு, பிறகும் விடாமல் பார்த்து வர வேண்டும். குழந்தையைக் கவனிப்பதில் நம் பெண்கள் இதைத்தான் முதலில் மறக்கிறார்கள்.

இப்போது வீட்டு மெஷின். அம்மாவுடைய குளுக்கோமீட்டர் அலமாரியில் இருக்கும்போது லேபுக்கு எதற்குப் போவது என்று நானும் நினைத்தேன். மே மாதம் ஒரு சாயங்காலம் பிள்ளைகளுக்கு பங்கனப்பள்ளி நறுக்கிக் கொடுத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரல் நுனியில் குத்தி ஸ்ட்ரிப்பில் வைத்தேன். 268. சமையல்கட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூடத்திலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, “கையக் கழுவினியாடி?” என்று கேட்டாள். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக ஈரம் போகத் துடைத்து, அடுத்த கையில் வேறு விரலில் குத்தினேன். 121. விரலில் ஒட்டியிருந்த மாம்பழச் சாறுதான் அந்த 268. பதினெட்டு வருஷம் விரலைக் குத்திக்கொண்டிருப்பவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அதனால், கையைக் கழுவித் துடைக்காமல் குத்தாதீர்கள். நுனி நடுவில் குத்தாமல் விரலின் ஓரத்தில் குத்துங்கள், வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடுங்கள். நம் ஊர் கடற்காற்று ஈரத்துக்கு டப்பா திறந்தே கிடந்தால் ஸ்ட்ரிப் வீணாகி நம்பர் தப்பாக வரும். எக்ஸ்பைரி தேதி பாருங்கள். இவ்வளவும் சரியாகச் செய்தாலும், நல்ல மெஷினுக்கே 15 சதவீதம் முன்னே பின்னே காட்ட அனுமதி உண்டு. உண்மையில் 126 இருந்தால் மெஷினில் 107-ம் வரலாம், 145-ம் வரலாம். ஏற்கெனவே சுகர் இருப்பவர் கட்டுப்பாட்டைப் பார்க்க அது அருமையான சாமான். உங்களுக்கு சுகர் இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல அது போதாது. அதற்கு கையில் நரம்பிலிருந்து எடுத்து லேபில் பார்க்கும் ரத்தம்தான் வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு தடவை குத்திப் பார்த்து ஒவ்வொரு நம்பருக்கும் நெஞ்சு படபடத்துக்கொண்டிருப்பது பயத்தைத்தான் வளர்க்கும், வேறு பிரயோஜனம் இல்லை.

எங்கே போவது? பக்கத்திலிருக்கும் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 30 வயதைத் தாண்டியவர்களுக்கு பிபி, சுகர் இலவசமாகப் பார்க்கிறார்கள். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கே வருபவர்கள் விரலில் குத்திப் பார்த்தால், அந்த நம்பர் அதிகமாக வந்தால், அதோடு விட்டுவிடாமல் சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் கொடுங்கள். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. காலையில், சீக்கிரம் போய்விடுவது நல்லது. ராயபுரத்தில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1954-லேயே சர்க்கரை நோய்க்கென்று ஒரு மருத்துவமனை ஆரம்பித்த ஏரியா நம்முடையது. தூரம் ஒரு சாக்கு இல்லை.

டெஸ்டுக்கு முதல் நாள் ராத்திரி வழக்கமாக என்ன சாப்பிடுவீர்களோ அதையே சாப்பிடுங்கள். நல்ல நம்பர் வர வேண்டும் என்று பட்டினி கிடந்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். யாரை ஏமாற்ற? ஒன்பது மணிக்குள் சாப்பிட்டு முடித்தால் காலை ஏழு மணிக்கு ரத்தம் கொடுக்கலாம். குறைந்தது எட்டு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம். டீ, காபி, பால், சர்க்கரை போடாதது கூட, வேண்டாம். காய்ச்சலோ சளியோ இருந்தால் தள்ளிப் போடுங்கள், அப்போது சர்க்கரை தானாகவே ஏறும். மூட்டுவலிக்கோ வீசிங்குக்கோ ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தாலும் ஏறும், டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வெறும் வயிற்றில் கொடுத்த பிறகு, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் கொடுக்கும் இரண்டாவது ரத்தத்தில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். இரண்டு மணி நேரம் என்பது முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து, சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து அல்ல. நான் முதலில் போன லேபில் “ரெண்டு இட்லி சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல வந்துடுங்க” என்றார்கள், கூட்டம் குறையட்டும் என்று. அப்படிக் கொடுத்த ரத்தத்துக்கு அர்த்தமே இல்லை. ஒரு மணி நேரத்தில் யாருக்கும் சர்க்கரை உச்சத்தில் இருக்கும். முடிந்தால் இட்லிக்குப் பதில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்துப் பார்க்கும் டெஸ்டே கேளுங்கள். ஐந்து நிமிஷத்துக்குள் குடித்துவிட்டு, நடக்காமல், பீடி சிகரெட் பிடிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஹார்பரில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள், கன்டெய்னர் லாரி ஓட்டுபவர்கள், காசிமேட்டிலிருந்து ராத்திரி கடலுக்குப் போகிறவர்கள் எல்லாம் வெறும் வயிறு என்பதற்கே நேரம் கிடைக்காமல் தவிப்பார்கள். அவர்களுக்கு எச்பிஏ1சி, அதாவது நம் ஆட்கள் மூன்று மாத சுகர் என்று சொல்வது, வசதி. எந்த நேரத்திலும், சாப்பிட்டுவிட்டும் கொடுக்கலாம்.

தாள் வந்ததும் இப்படிப் பாருங்கள். வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே சாதாரணம். 100-லிருந்து 125 எல்லைக்கோடு. 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 140-க்குக் கீழே சாதாரணம், 140-லிருந்து 199 எல்லைக்கோடு, 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். மூன்று மாத சுகர் 5.7-க்குக் கீழே நல்லது, 6.4 வரை எல்லைக்கோடு, 6.5-லிருந்து சர்க்கரை நோய். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு டெஸ்டில் ஒரு நம்பர் எகிறியதை வைத்து முடிவு சொல்லக் கூடாது. இன்னொரு டெஸ்டிலும் அதேபோல் வர வேண்டும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு வந்த மூன்று மாத சுகர் 6.5. வெறும் வயிற்றில் 104தான். தாளைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். டாக்டரம்மா அதே தாளில் ஹீமோகுளோபினைக் காட்டினார், 9.1. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் இந்த மூன்று மாத நம்பர் உள்ளதை விடக் கூடுதலாகக் காட்டலாம் என்றார். சமீபத்தில் நிறைய ரத்தம் போனவருக்கும் ரத்தம் ஏற்றியவருக்கும் குறைவாகக் காட்டலாமாம். இரும்பு மாத்திரை மூன்று மாதம் சாப்பிட்டுத் திரும்பப் பார்த்தோம், 6.0. ராத்திரி எழுந்தது யூரின் இன்ஃபெக்‌ஷனால், ஒரு வார மாத்திரையில் நின்றது. அசதி ரத்தசோகையால். நான் எதையெல்லாம் சுகர் என்று நினைத்துப் பயந்தேனோ அது எதுவுமே சுகர் இல்லை. எல்லைக்கோட்டுக்கு வந்து நின்றிருந்த சர்க்கரையோ ஒரு அறிகுறியும் காட்டவில்லை. அதனால் ரத்தம் கொடுக்கும்போது ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், முக்கியமாகப் பெண்கள்.

எல்லைக்கோடு என்றால் ‘இன்னும் வரவில்லை’ என்று விடுவதற்கில்லை. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் இப்படி எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை ஏறக்குறைய மூன்று வருஷம் பின்தொடர்ந்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், நடையும் சாப்பாட்டு மாற்றமும் மட்டுமே சர்க்கரை நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தது. மாத்திரை சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு அதைவிடப் பெரிய லாபம் இல்லை. நம்மைப் போன்றவர்களை வைத்து, நம் ஊர்க்காரர்கள் செய்த ஆய்வு இது.

சாப்பாட்டில் நான் செய்தது பெரிசாக ஒன்றுமில்லை. மத்தியானம் சோறு ஒரு கரண்டி குறைந்தது, அந்த இடத்தில் பொரியலும் மீனும் கூடியது. காசிமேட்டுப் பக்கத்தில் இருந்துகொண்டு மீனுக்கா பஞ்சம். மீனில் மாவுச்சத்து கிடையாது, பொரிப்பதைக் குறைத்துக் குழம்பாக வைத்தால் போதும். கடையில் நாலு வேளை வரும் டீயை இரண்டாக்கி, சர்க்கரையை நிறுத்தினேன். நாட்டுச்சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாம் ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். கேழ்வரகுக் கூழும் அப்படித்தான், ஆடி மாதம் ஒரு செம்பு நிறையக் குடித்துவிட்டு சுகருக்கு நல்லது என்பார்கள்; அதுவும் மாவு, கரைத்துக் குடிப்பதால் இன்னும் வேகமாக ஏறும். ராத்திரி சாப்பிட்ட பிறகு மொட்டை மாடியில் இருபது நிமிஷம் நடக்கிறேன்.

யாராவது சொன்னார்கள் என்று அம்மாவுடைய மாத்திரையில் ஒன்றை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். சில மாத்திரைகள் சர்க்கரையை 70-க்குக் கீழே இறக்கி, வேர்த்து, கை நடுங்கி, ஆளைச் சாய்த்துவிடும். வீட்டில் ஏற்கெனவே மாத்திரை, ஊசி எடுப்பவருக்கு அப்படி ஆனால், விழுங்கும் நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108தான்.

அப்புறம் அந்த லேப் தாள்கள். எங்கள் வீட்டில் அம்மாவுடையதும் என்னுடையதும் ஒரே மஞ்சப்பையில் தேதி வாரியாக இருக்கின்றன. எல்லைக்கோட்டில் இருப்பவர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதால், என் அடுத்த டெஸ்ட் தேதியை வீட்டுக் காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அன்றைக்கு லீவும் சொல்லியாகிவிட்டது.