3018 சிஎன்சி இயந்திரத்தின் ஆட்டத்தைக் குறைப்பது எப்படி

வீட்டு மேசைமேல் வைத்து இயக்கக்கூடிய சிறிய சிஎன்சி (கணினிக் கட்டளையால் இயங்கும்) மில்லிங் இயந்திரங்களில் 3018 என்ற வகை பரவலாகக் கிடைக்கிறது. பெயரிலுள்ள எண்கள் அதன் வேலைப்பரப்பைக் குறிக்கின்றன: ஏறத்தாழ 300 மி.மீ. நீளம், 180 மி.மீ. அகலம். மென்மரம், அக்ரிலிக், மின்சுற்றுப் பலகை ஆகியவற்றை இது ஓரளவு நன்றாகவே வெட்டும். ஆனால் அலுமினியத்தில் கட்டர் பட்டதும் கீச்சென்ற ஒலி எழும், வெட்டிய விளிம்பில் அலையலையாகத் தடம் விழும். இந்த நிலையில் பலரும் முதலில் வாங்குவது பெரிய ஸ்பிண்டில். அது தவறான வரிசை என்பது என் உறுதியான கருத்து. கட்டரைச் சுழற்றும் மோட்டாருக்கு வலு போதாததால் வருவதைவிட, கட்டரைப் பிடித்திருக்கும் சட்டகம் வளைவதால் வரும் குறைகளே இந்த இயந்திரத்தில் அதிகம். வளையும் சட்டகத்தில் கனமான ஸ்பிண்டிலை ஏற்றினால் வளைவு கூடுமே தவிரக் குறையாது.

எதையும் கழற்றுவதற்கு முன் இரண்டு காரியங்களைச் செய்துவிடவும். கணினியில் இணைத்து $$ என்ற கட்டளையைக் கொடுத்து, ஜிஆர்பிஎல் (இயந்திரத்தின் கட்டுப்பாட்டு மென்பொருள்) காட்டும் அமைப்பு மதிப்புகள் அனைத்தையும் ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளவும். பிறகு 40 மி.மீ. சதுரம் ஒன்றையும் அதற்குள் ஒரு வட்டத்தையும் வெட்டி, வெர்னியர் காலிப்பரால் அளந்து, அளவுகளை அந்தத் துண்டின் மீதே எழுதி வைக்கவும். மேம்பாடு பலன் தந்ததா என்பதைப் பின்னர் இந்தத் துண்டுதான் சொல்லும்.

அடுத்தது, ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. 0.01 மி.மீ. வரை காட்டும் டயல் கேஜ் ஒன்றும், காந்த அடிப்பாகம் உள்ள தாங்கி ஒன்றும், ஒரு சுருள்வில் தராசும் போதும். அலுமினியச் சட்டத்தில் காந்தம் ஒட்டாது என்பதால், தாங்கியை ஓர் இரும்புத் தகட்டின்மேல் நிறுத்தி, அந்தத் தகட்டை வேலைமேசையோடு இறுக்கிக்கொள்ளவும். மோட்டார்கள் மின்சாரம் பெற்றுப் பூட்டிய நிலையில் இருக்க, ஸ்பிண்டில் நின்றிருக்க, கோலெட்டில் (கட்டரைப் பிடிக்கும் கவ்வி) பிடித்த ஒரு பழைய எண்ட்மில் கட்டரின் தண்டைத் தராசால் பக்கவாட்டில் 1 கிலோ காட்டும்வரை இழுத்து, டயல் எவ்வளவு நகர்கிறது என்று குறித்துக்கொள்ளவும். அதே இழுவையில், டயலின் முனையை ஸ்பிண்டிலின் உடலிலும், பிறகு அதை மேலும் கீழும் நகர்த்தும் இசட் அச்சு வண்டியிலும், பிறகு கான்ட்ரியின் (வண்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டகம்) பக்கத்தகட்டிலும் வைத்து மீண்டும் அளக்கவும். கட்டரில் 0.30, வண்டியில் 0.25, பக்கத்தகட்டில் 0.05 என்று வந்தால், வண்டிக்கும் பக்கத்தகட்டுக்கும் இடையிலுள்ள எக்ஸ் அச்சுத் தண்டுகளும் பேரிங்குகளும்தான் பெரும்பங்கு விட்டுக்கொடுக்கின்றன என்று பொருள். இந்த அரை மணி நேர வேலையைத் தவிர்த்துவிட்டு உதிரிப் பாகம் வாங்குவது, நோயை அறியாமல் மருந்து வாங்குவது போன்றதுதான்.

பணம் செலவில்லாத சீர்திருத்தங்களை முதலில் முடிக்கவும். சட்டகத்தின் திருகுகளைச் சற்றுத் தளர்த்தி, இயந்திரத்தைத் தடித்த கண்ணாடி அல்லது கிரானைட் பலகை போன்ற சமமான பரப்பில் வைத்து, இரு மூலைவிட்டங்களும் ஒரே அளவாக வரும்வரை சரிசெய்து, மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தபடி மாற்றி மாற்றி இறுக்கவும். முறுக்கிய நிலையில் இறுக்கப்பட்ட சட்டகத்தில் எவ்வளவு நல்ல பேரிங் போட்டாலும் அது சிக்கிச் சிக்கித்தான் நகரும்.

பிறகு சட்டகத்தின் உறுப்புகளுக்கு வரலாம். மலிவான பதிப்புகளில் பேக்கலைட் அல்லது பிளாஸ்டிக்கால் ஆன பக்கத்தகடுகள் இருக்கும். அவற்றுக்குப் பதிலாக 8 அல்லது 10 மி.மீ. அலுமினியத் தகடுகளைப் போடுவது இந்த வேலைகளிலேயே அதிகப் பலன் தருவது. புதிய தகடுகளின் துளை மையங்களை, இயந்திரத்தைப் பிரிப்பதற்கு முன்பே, அதைக் கொண்டே குறித்துவிட்டால் இடைவெளிகள் துல்லியமாக அமையும். வழிகாட்டித் தண்டுகளைப் பொறுத்தவரை, ஒரு வட்டத்தண்டின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. எனவே 10 மி.மீ. தண்டுக்குப் பதிலாக 12 மி.மீ. தண்டு போட்டாலே விறைப்பு இரு மடங்காகிறது. அதைவிடவும் நல்லது, அலுமினியச் சட்டத்தின் முழு நீளத்துக்கும் திருகிப் பொருத்தப்படும் எம்ஜிஎன்12 வகை நேர்கோட்டு ரெயில். நீளம் முழுவதும் தாங்கப்படுவதால் அது நடுவில் தொய்வதில்லை. இரண்டு ரெயில்களைப் பொருத்தும்போது ஒன்றை மட்டும் முழுமையாக இறுக்கவும். மற்றதைத் தளர்வாக விட்டு, வண்டியைக் கோடிக்குக் கோடி நகர்த்திக்கொண்டே, வண்டி நிற்கும் இடத்தை ஒட்டிய திருகை ஒவ்வொன்றாக இறுக்கிவந்தால் இரண்டும் இணையாக அமைந்துவிடும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் ரெயிலுக்கும் தண்டுக்கும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சை விடாமல் கொடுக்க வேண்டும். சென்னையின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் எஃகுப் பரப்பு துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது.

லீட் ஸ்க்ரூவில் (அச்சை நகர்த்தும் மரைத்தண்டு) உள்ள பேக்லாஷை (திசை மாறும்போது வீணாகும் தளர்வு) அளப்பது எளிது. ஒரே திசையில் மூன்று நான்கு முறை 1 மி.மீ. வீதம் நகர்த்தி, டயலைச் சுழியாக்கி, பிறகு எதிர்த்திசையில் 1 மி.மீ. நகர்த்தவும், டயல் 0.88 மட்டுமே காட்டினால் பேக்லாஷ் 0.12 மி.மீ. சுருள்வில் பொருத்திய இரட்டை நட் இதைக் குறைக்கும், ஆனால் வில் தளர்வாக இருந்தால் வெட்டு விசையே அதை அமுக்கிவிடும். பலர் கவனிக்காத இன்னோர் இடம் மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங். சுருள் வெட்டு உள்ள கப்ளிங் நீளவாக்கில் வில்போல நீண்டு சுருங்கக்கூடியது. ஆகவே ஸ்க்ரூவின் இரு முனைகளையும் பேரிங்குகளில் தாங்கி, பூட்டு வளையங்களால் முன்பின் நகராமல் நிறுத்திவிட்டால், கப்ளிங் சுழற்சியை மட்டும் கடத்தும் வேலையைச் செய்யும்.

நகர்வு அளவு சரியாக வரவில்லை என்பதற்காக ஜிஆர்பிஎல்லின் $100 மதிப்பை (எக்ஸ் அச்சு 1 மி.மீ. நகரத் தேவையான படிகள்) மனம்போனபடி மாற்ற வேண்டாம். மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 200 படிகள், ஒரு படிக்கு 16 நுண்படிகள், 4 மி.மீ. லீட் (ஒரு சுற்றில் நகரும் தூரம்) என்றால் மதிப்பு 800 தான். பிழை நகர்வு தூரத்தோடு சேர்ந்து வளராமல் ஒரே அளவாக நின்றால் அது பேக்லாஷ். அதை எண்ணால் திருத்த முடியாது.

மின்பகுதியில் ஒரு விதியை ஒருபோதும் மீறக் கூடாது: மின்சாரம் இருக்கும்போது ஸ்டெப்பர் மோட்டாரின் இணைப்பைக் கழற்றினால் அதை இயக்கும் டிரைவர் சுற்று எரிந்துபோகும். ஏ4988 டிரைவரில் மின்னோட்டம் என்பது குறிப்பு மின்னழுத்தத்தை, உணர்தடையின் எட்டு மடங்கால் வகுத்தால் வருவது. தடை 0.1 ஓம் என்றால் 1 ஆம்பியருக்கு 0.8 வோல்ட் வைக்க வேண்டும். லிமிட் சுவிட்சுகளை (அச்சு எல்லையைத் தொட்டதை உணர்த்துபவை), அழுத்தாதபோது மூடியிருக்கும் முறையில் இணைத்து, $5 மதிப்பை 1 ஆக்கவும். ஹார்ட் லிமிட் அமைப்பும் ($21) 1 ஆக இருந்தால், கம்பி அறுந்தாலும் இயந்திரம் உடனே நின்றுவிடும் என்பதே இதன் பாதுகாப்பு. ஸ்பிண்டில் கம்பிகளையும் சுவிட்ச் கம்பிகளையும் ஒரே கட்டாகக் கட்டினால் மின்னிரைச்சலால் பொய் எச்சரிக்கை வரும், ஆகவே அவற்றைத் தனித்தனி வழியில் கொண்டுசெல்லவும். கட்டுப்பாட்டுப் பலகை சட்டகத்தின் பின்புறம் திறந்தபடி இருந்தால் அதற்கு ஒரு மூடி செய்யாமல் அலுமினியத்தை வெட்டவே கூடாது. பறக்கும் உலோகச் சீவல் ஒன்று போதும், குறுக்குச்சுற்று ஏற்பட.

இத்தனையும் முடிந்த பிறகே ஸ்பிண்டிலின் செங்குத்தைச் சரிபார்க்கும் முறை வருகிறது. கோலெட்டில் வளைத்த உறுதியான கம்பியைப் பிடித்து, அதன் முனையில் டயலைக் கட்டி, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கையால் மெல்லச் சுற்றவும். 100 மி.மீ. விட்ட வட்டத்தில் எதிரெதிர் இடங்களுக்கிடையே 0.2 மி.மீ. வேறுபாடு வருகிறது, ஸ்பிண்டில் தாங்கியின் மேல், கீழ்த் திருகுகளுக்கிடையே 50 மி.மீ. இருக்கிறது என்றால், 0.1 மி.மீ. தடிமனுள்ள துண்டு ஒன்றைச் சாய்வுக்கேற்ப மேலோ கீழோ செருக வேண்டும். காகிதம் நாளடைவில் நசுங்கும். குளிர்பான அலுமினிய டப்பாவின் பக்கத்தகடு ஏறக்குறைய இதே தடிமன் கொண்டது, நசுங்காதது. இது சரியானதும் அடிப்பலகையின் மேற்பரப்பை அந்த இயந்திரத்தாலேயே மென்மையாகச் சீவி எடுக்கவும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை மழைக்காலத்தில் உப்பும் என்பதால் இதைப் பருவத்துக்கு ஒருமுறை மீண்டும் செய்ய வேண்டியிருக்கும்.

பெரிய ஸ்பிண்டிலைப் பற்றி இப்போது யோசிக்கலாம். அதற்கு முன் இருக்கும் கோலெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, முதலில் நட்டுக்குள் சொடுக்கிப் பொருத்தி, பிறகு நட்டோடு சேர்த்து ஸ்பிண்டிலில் மாட்டிப் பார்க்கவும். கட்டர் தள்ளாடுகிறது என்ற புகார்களில் பல இதனாலேயே தீர்ந்துவிடுகின்றன.

பழைய சதுரத்தை அதே நிரலில், அதே கட்டரில் மீண்டும் வெட்டி ஒப்பிடவும். அலுமினியத்துக்கு 3.175 மி.மீ. ஒற்றைவாய் எண்ட்மில், ஒரு முறைக்கு 0.1 மி.மீ. ஆழம் என்று தொடங்கி, ஒலி சீராக இருக்கும்வரை சிறிது சிறிதாக ஆழத்தைக் கூட்டவும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இயக்க வேண்டாம். கண்ணாடி இழை கலந்த மின்சுற்றுப் பலகையை வெட்டும்போது முகக்கவசமும் தூசி உறிஞ்சியும் கட்டாயம் வேண்டும். முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எல்லாத் திருகுகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்து, தராசையும் டயலையும் வைத்து அதே நான்கு இடங்களில் மறுபடி அளந்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளவும்.