வைர நிச்சயதார்த்த மோதிரம்: செட்டிங்கும் வளைய அகலமும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

மோதிரம் வாங்கப் பலர் பட்ஜெட் முழுவதையும் கல்லில் போட்டுவிட்டு, தங்கத்தில் ஒரு கிராம் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். பின்னால் கல் ஆடுவதற்கும் விழுவதற்கும் வழி வைப்பது பெரும்பாலும் அந்த ஒரு கிராம்தான். மும்பை ஜவேரி பஜாரில் ஆர்டர் கொடுத்தாலும், செம்பூரில் ரெடிமேடாக எடுத்தாலும், இந்த வரிசையில் முடிவு செய்யுங்கள்.

படி 1: கல்லை மில்லிமீட்டரில் பாருங்கள்

கடையில் சென்ட் கணக்கில் பேசுவார்கள். 100 சென்ட் ஒரு கேரட், அதாவது 0.2 கிராம். அது எடைதான். வளையத்துக்கு வேண்டியது விட்டம். ரவுண்ட் கட்டில் 30 சென்ட் சுமார் 4.3 மி.மீ., 50 சென்ட் 5.1, 75 சென்ட் 5.8, ஒரு கேரட் 6.5. சரியான அளவு ஜிஐஏ அல்லது ஐஜிஐ என்ற வைரப் பரிசோதனைக் கூடங்களின் சான்றிதழிலேயே இருக்கும். அதில் ‘கர்டில்’, அதாவது கல்லின் சுற்று விளிம்பு, என்ற இடத்தையும் படியுங்கள். ‘வெரி தின்’ என்றிருந்தால் கல் பதிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தங்கத்தை அழுத்தி மடக்கும்போது அந்த மெல்லிய விளிம்புதான் சில்லு விடும்.

படி 2: கை என்ன வேலை செய்கிறது?

செட்டிங்கை, அதாவது கல்லை மோதிரத்தில் பதிக்கும் முறையை, முடிவு செய்வது இந்தக் கேள்விதான். தினமும் லோக்கல் ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற கை, சப்பாத்தி மாவு பிசைகிற கை, மருத்துவமனையில் கையுறை மாட்டுகிற கை என்றால் பெசல் செட்டிங் எடுங்கள். கல்லைச் சுற்றித் தங்க விளிம்பு முழுதாக அணைத்திருக்கும், எதிலும் மாட்டாது. பாட்டி காலத்து க்ளோஸ் செட்டிங் தோடு என்று நினைத்துவிட வேண்டாம். இதில் அடிப்பக்கம் திறந்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்கை வெந்நீரும் மென்மையான பிரஷும் கொண்டு கழுவிவிடலாம்.

வெளிச்சம் நன்றாகப் பட வேண்டும் என்றால் பிராங் செட்டிங். சிறு தங்க நகங்கள் கல்லைப் பிடித்திருக்கும். நான்கு நகம் இருந்தால் கல் பெரிதாகத் தெரியும், ஆனால் ஒன்று தேய்ந்து உடைந்தால் கல் நழுவ வாய்ப்பு அதிகம். ஆறு நகத்தில் ஒன்று போனாலும் மற்ற ஐந்தும் பெரும்பாலும் கடைக்குப் போகும் வரை தாங்கும். 50 சென்ட்டுக்கு மேல் என்றால் ஆறு நகத்தையே கேளுங்கள். சதுரமான பிரின்சஸ் கட்டுக்கும் கூர்முனை உள்ள பேர் கட்டுக்கும் முனையை மூடும் ‘வி’ வடிவ நகம் கட்டாயம். பட்டுப்புடவை அதிகம் உடுத்துபவர் என்றால் நக நுனிகளை உருண்டையாக முடிக்கச் சொல்லுங்கள். கூர்நுனி ஜரிகையை இழுத்துவிடும்.

வளையம் முழுக்கப் பொடிக்கல் பதித்த பாவே பார்க்க அழகு. ஆனால் பின்னால் அளவு மாற்றும்போது பொடிக்கல் உதிரும். விரல் அளவு மாறக்கூடும் என்று நினைத்தால் கீழ்ப்பாதியை வெற்றாக விடச் சொல்லுங்கள்.

படி 3: அகலமும் தடிமனும்

வளையத்தின் அகலம் கல் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது சற்று அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 சென்ட்டுக்கு 1.8 முதல் 2 மி.மீ., ஒரு கேரட்டுக்கு 2.2 முதல் 2.4 மி.மீ. அகலத்தை எல்லாரும் கேட்பார்கள், தடிமனை யாரும் கேட்பதில்லை. அது 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

காரணம் இதுதான். கம்பியையோ பையின் கைப்பிடியையோ கை இறுகப் பிடிக்கும்போது மெல்லிய வளையம் முட்டை வடிவத்துக்குப் போகும். வளையம் வளைந்தால் மேலே உள்ள நகங்களும் இடம் மாறும். கல்லுக்கும் நகத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். கல் ஆடத் தொடங்குவது அங்கேதான். உள்விட்டம் 16.5 மி.மீ. உள்ள 18 கேரட் தங்க மோதிரத்தில் 2 மி.மீ. அகலம், 1.7 தடிமன் வைத்தால் வளையம் சுமார் 3 கிராம். 1.4 அகலம், 1.2 தடிமன் என்றால் சுமார் 1.5 கிராம். பாதித் தங்கம் மிச்சம், பலமோ பாதியை விடவும் மிகக் குறைவு.

படி 4: 18 கேரட்

வீட்டுப் பெரியவர்கள் “22 இல்லையா?” என்று கேட்பார்கள். 22 கேரட் நகங்கள் மிருது, சீக்கிரம் வளையும். 18 கேரட்டில் செம்பு, வெள்ளி போன்ற கலப்பு அதிகம் என்பதால் பிடி உறுதி. ஹால்மார்க்கில் 750 என்ற எண்ணும், எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடங்கள் கொண்ட எச்யூஐடி என்ற அடையாளக் குறியீடும் இருக்க வேண்டும். அதை பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். மஞ்சள் தங்கம் பிடித்தவர்கள் நகங்களை மட்டும் வெள்ளைத் தங்கத்தில் கேட்கலாம். அப்போது கல்லில் மஞ்சள் சாயல் விழாது.

படி 5: விரல் அளவு

மாலையில் எடுங்கள். காலையில் எடுத்த அளவு மும்பை வெயிலில் இறுக்கும். 4 மி.மீ.க்கு மேல் அகலமான வளையம் என்றால் அரை அளவு கூட்டுங்கள்.

படி 6: எழுதி வாங்குங்கள், சோதித்து வாங்குங்கள்

எஸ்டிமேட்டில் அகலம், தடிமன், நகங்களின் எண்ணிக்கை எல்லாம் ‘பாலிஷுக்குப் பின்’ என்று குறிப்பிடச் சொல்லுங்கள். அரமும் பாலிஷும் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை தின்றுவிடும்.

டெலிவரி அன்று வெர்னியர் அளவுகோலால் அளந்து காட்டச் சொல்லுங்கள். பிறகு 10 மடங்கு லென்ஸில் ஒவ்வொரு நகத்தின் அடியையும் பாருங்கள். நுனி கல்லின் மேல் படிந்திருக்க வேண்டும், நடுவே கறுப்புக் கோடாக இடைவெளி தெரியக் கூடாது. ஒரு பட்டு நூலை நகங்களின் மேல் இழுங்கள், மாட்டினால் நுனி சரியில்லை. கடைசியாக மோதிரத்தைக் காதருகே பிடித்து விரலால் மெல்லத் தட்டுங்கள். ‘டிக் டிக்’ என்று கேட்டால் கல் ஆடுகிறது. மீதிப் பணத்தைக் கொடுக்காமல் அங்கேயே திருப்பிக் கொடுத்து இறுக்கச் சொல்லுங்கள்.