பாட்டில் படகைக் கடலில் விடாதீர்கள்

மே மாத வெயிலில் பிள்ளைகள் காலி பாட்டில், பழைய செருப்பு, பனியன் துணி என்று கையில் கிடைத்ததை வைத்துத் தண்ணீர் விளையாட்டுச் சாமான் செய்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

முதல் தவறு, செய்த படகைக் கடலில் விடுவது. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழுந்துவிட்டால் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகடலான பாக் நீரிணை குளம் போலக் கிடக்கும். அந்த அமைதியை நம்பித்தான் பிள்ளைகளை வடகடலுக்கு அனுப்புகிறோம். அங்கே காற்று கரையிலிருந்து கடலுக்குள் வீசுகிறது. எடையில்லாத பாட்டில் சட்டென்று எட்டாத தூரம் போய்விடும். பிள்ளையும் அதன் பின்னாலேயே நடக்கும். முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு வந்தது அதற்குத் தெரியாது. படகை அண்டாவில் விடச் சொல்லுங்கள்.

அடுத்தது தெர்மாகோல். உடைந்த மீன்பெட்டி கரையெங்கும் கிடப்பதால் பிள்ளைகள் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். வெட்டும்போதே மணிமணியாக உதிர்ந்து காற்றில் பறக்கும். அப்புறம் அதை யாராலும் பொறுக்கியெடுக்க முடியாது. 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா நம் வாசலில் இருக்கிறது. ஆமையும் கடல்பசுவும் இரை தேடும் தண்ணீர் அது. அறுந்துபோன ரப்பர் செருப்பின் முனையைக் கூராக வெட்டி, ஈர்க்குச்சி நட்டு, துணிப்பாய் கட்டினால் அருமையாக மிதக்கும். கட்டுவதற்குத் தங்கூசி என்கிற நைலான் தூண்டில் நரம்பு வேண்டாம். விரலை அறுக்கும், கடலில் விழுந்தால் ஆமையின் கழுத்தைச் சுற்றும். பருத்தி நூல் போதும். தண்ணீர் பலூனுக்குப் பதிலாகப் பழைய பனியனைக் கீற்றுக் கீற்றாக வெட்டிப் பந்தாகக் கட்டுங்கள். நனைத்து எறிந்தால் வலிக்காது, பல வருடம் உழைக்கும்.

பினாயில், ஆசிட், பூச்சிமருந்து, எஞ்சின் ஆயில் இருந்த பாட்டிலை எத்தனை முறை கழுவினாலும் விளையாடக் கொடுக்கக் கூடாது. போன வருடம் மொட்டைமாடியில் வெயிலில் கிடந்த பாட்டிலும் வேண்டாம். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் நொறுங்கிச் சில்லாகக் கையைக் கிழிக்கும். துளை போடுவது பெரியவர்கள் வேலை.

தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் ஊர் நம்முடையது. குழாயில் மாட்டிப் பீய்ச்சும் பாட்டில் இங்கே ஒத்துவராது. அண்டாவில் அளந்து ஊற்றி, அதற்குள்ளேயே மொண்டு ஊற்றி விளையாடட்டும். மாலையில் அதே தண்ணீர் முருங்கைக்குப் போகும்.

நான் அதிகம் பயப்படுவது விளையாட்டு முடிந்த பிறகுதான். தவழும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் அரை வாளித் தண்ணீரே உயிரை வாங்கிவிடும். அதனால் பெரிய பிள்ளைகள் எழுந்தவுடனே அண்டாவைக் காலி செய்யுங்கள். டெங்கு கொசு பாத்திரத்தின் உள்சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். கொட்டினால் மட்டும் போதாது. தேங்காய் நாரால் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, அண்டாவைக் கவிழ்த்து வையுங்கள்.