ஹெட்டைக் குடைவதற்கு முன்

போன மாதம் ஒரு தம்பி, சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு ஒரு பழைய ஹோண்டா சிவிக்கின் ஹெட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். பி16ஏ இன்ஜின். ஹெட் என்பது சிலிண்டர்களை மேலே மூடி, வால்வுகளைத் தாங்கும் பாகம். அதற்குள் காற்றும் புகையும் போகும் பாதைதான் போர்ட். "அண்ணே, போர்ட்டை எவ்வளவு பெருசாக் குடைய முடியுமோ அவ்வளவு குடைஞ்சு குடுங்க" என்றார். "வண்டியை எங்கே ஓட்டுறீங்க?" என்று கேட்டேன். தினமும் உட்லண்ட்ஸிலிருந்து வேலைக்கு, வருஷத்தில் இரண்டு தடவை மலேசியாவின் சிப்பாங் பந்தயத் தடம். இந்தப் பதில்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

நம் விரைவுச்சாலைகளில் அதிகபட்ச வேகம் 90 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஐந்தாவது கியரில் இந்த இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று அளவில்தான் ஓடும். பெரிய போர்ட்டின் பலன் தெரிவதோ 6,000, 7,000 சுற்றுக்கு மேலே. போர்ட்டின் விட்டத்தை 10 சதவீதம் கூட்டினால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். அதே அளவு காற்று அகலமான பாதையில் மெதுவாகப் போகும். வேகமாக வரும் காற்று, பிஸ்டன் மேலே திரும்பிய பிறகும் தன் உந்தத்தால் கொஞ்சம் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். மெதுவான காற்று அப்படி ஏறாது, பெட்ரோலையும் சரியாகக் கலக்காது. இளவயதில் என் சொந்த வண்டியில் காற்று உள்ளே வரும் இன்டேக் போர்ட்டை இப்படித்தான் ஆசைப்பட்டு அகலமாக்கினேன். காற்றோட்டத்தை அளக்கும் ஃப்ளோ பெஞ்சில் எண்கள் ஏறின. அப்பர் சிராங்கூன் ரோட்டில் பச்சை விளக்கு விழுந்ததும் வண்டி எழும்பவே மறுத்தது. செதுக்கிய அலுமினியத்தைத் திரும்ப ஒட்ட முடியாது, வேறு ஹெட் தேடவேண்டியதாயிற்று.

அதனால் சாலை வண்டிக்கு நான் போர்ட்டின் நடுப்பகுதியை விட்டுவிட்டு, வால்வுக்குப் பக்கத்திலிருந்து தொடங்குவேன். வால்வு திறந்து மூடும்போது குறைந்த உயரங்களை இரண்டு முறை கடக்கிறது, உச்சத்தைத் தொடுவது ஒரே முறை. இந்த ஹெட்டில் இன்டேக் வால்வு 33 மில்லிமீட்டர். அது விட்டத்தில் கால் பங்கு, அதாவது 8.25 மில்லிமீட்டர் திறக்கும்வரை இடுக்கே காற்றைத் தடுக்கிறது. போர்ட் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதை மாற்ற முடியாது.

ஆகவே முதல் செலவு, வால்வு மூடும்போது உட்காரும் வளையமான வால்வு சீட்டுக்கு. 30, 45, 60 டிகிரி என்று மூன்று கோணங்களில் வெட்டச் சொல்லுங்கள். 45 டிகிரி முகத்தில்தான் வால்வு உட்காரும், மற்ற இரண்டும் காற்றை வளைத்துவிடும். இங்கேயும் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. முகம் குறுகினால் காற்று நன்றாகப் போகும், ஆனால் வால்வின் சூடு பெரும்பாலும் அந்த முகம் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. நம் வெயிலில் நெரிசலில் நிற்கும் வண்டிக்கு புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கத்து முகத்தை மிகவும் குறுக்கினால் வால்வு எரிந்துபோகும். நான் இன்டேக்குக்கு 1.2, எக்ஸாஸ்டுக்கு 1.5 மில்லிமீட்டர் வைப்பேன்.

அடுத்தது சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கிண்ணம் போன்ற பகுதி. தொழிற்சாலையில் வெட்டிய கூர்மையான விளிம்பு அங்கே இருக்கும். கார்பைடு முனையால் அதை மெதுவாக எடுத்து, வார்ப்போடு இழைய விடுங்கள். போர்ட் திரும்பும் உள்வளைவில் மிகக் கவனம் வேண்டும். அங்கே காற்று சுவரைவிட்டுப் பிரிந்துவிடப் பார்க்கும், அந்த வளைவை இறக்கினால் நிலைமை மோசமாகும். விளிம்பை மட்டும் உருட்டிவிட்டு நிறுத்துங்கள். வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடைச் சுற்றியுள்ள மேட்டைப் பக்கவாட்டில் ஒல்லியாக்கலாம், முழுவதும் வழித்தால் கைடுக்குத் தாங்கல் போய் வால்வு ஆட ஆரம்பிக்கும். சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிறது என்பதை ஒவ்வொரு நிமிடமும் நினைவில் வையுங்கள். எங்கே சுவர் மெலிந்திருக்கிறது என்று தெரியாவிட்டால், அதே மாடலில் வீணான ஒரு ஹெட்டை வாங்கிக் குறுக்கே அறுத்துப் பார்ப்பதுதான் நல்ல வழி.

இன்டேக்கைக் கண்ணாடி மாதிரி பளபளப்பாக்காதீர்கள். 80 எண் உப்புத்தாள் விட்டுச்செல்லும் சொரசொரப்பு போதும், பெட்ரோல் சுவரில் படலமாகத் தங்காமல் கலையும். எக்ஸாஸ்ட்டைப் பளபளப்பாக்கலாம், கரி படிவது குறையும்.

ஹெட்டின் அடியைச் சமப்படுத்தும்போது 0.2 மில்லிமீட்டர் எடுத்தால், இந்த இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு, கலவை எரியும் அறையில் ஏறக்குறைய 1 சிசி குறைகிறது. கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் அழுத்த விகிதம் 10.2-லிருந்து 10.4 அளவுக்குப் போகும். கொஞ்சம் கூடுதல் இழுவை கிடைக்கும், ஆனால் 98 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றவேண்டி வரலாம். வால்வும் பிஸ்டனை நெருங்கிவிடும். பிஸ்டன் மேல் பிளாஸ்டிசின் களிமண் வைத்து, கேஸ்கெட்டோடு ஹெட்டை முடுக்கி, டைமிங் பெல்ட்டைச் சரியாக மாட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். பிறகு ஹெட்டைக் கழற்றினால், வால்வு பதிந்த இடத்தில் களிமண்ணின் தடிமன் இன்டேக்குக்கு 2, எக்ஸாஸ்டுக்கு 2.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அப்புறம் நான்கு அறைகளையும் பியூரெட் என்ற அளவுக் குழாயால் மண்ணெண்ணெய் ஊற்றி அளந்து பாருங்கள். அரை சிசிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சிறியதைத் தேய்த்துப் பெரியதோடு சமமாக்குங்கள். பொறுமையை வாங்கும் வேலைதான், ஆனால் இன்ஜின் நிதானமாக ஓடுவது இதில்தான் இருக்கிறது.

வேலையைத் தொடங்கும் முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பாருங்கள். சில மாற்றங்களுக்கு அனுமதி வாங்கவேண்டும், சிலவற்றுக்கு அனுமதியே கிடையாது. பத்து வயதைத் தாண்டிய கார் ஒவ்வொரு ஆண்டும் சோதனைக்குப் போகிறது, புகையும் சத்தமும் அங்கே தெரிந்துவிடும். காரை வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇ-யைப் புதுப்பித்த காசு சும்மா வந்ததா என்ன?

தம்பியின் ஹெட்டில் சீட், கிண்ணம் இரண்டு மட்டும் செய்தேன். போர்ட்டின் வாயைத் தொடவில்லை. மாட்டும் முன் எல்லாத் துளைகளையும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காற்று அடித்து உலர்த்தினோம். ஒரு துகள் அலுமினியத் தூள் தங்கினாலும் பேரிங் கெட்டுவிடும். காற்று கூடியிருப்பதால் பெட்ரோல் கலவையை புகையில் இருக்கும் ஆக்சிஜனை அளக்கும் அகலப்பட்டை சென்சார் வைத்துச் சரிபார்த்தோம். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் வால்வு இடைவெளியைப் பார்க்க மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.