பக்கம் சேர்த்தால் தானாக வளரும் இணைப்புப் பட்டியல்: வேர்ட்பிரஸில் படிப்படியாக

தளம் தொடங்கிய புதிதில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "இதையும் படியுங்கள்" என்று நாலைந்து இணைப்புகளைக் கையாலேயே ஒட்டி வைத்தேன். பத்துப் பக்கம் வரை ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் ஒரு பக்கத்தின் தலைப்பையும் முகவரியையும் மாற்றினேன். மற்ற ஒன்பது பக்கங்களிலும் பழைய பெயரே நின்றது. சொடுக்கினால் "பக்கம் இல்லை" என்று வந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தி முடித்தபோது நள்ளிரவு.

இந்த வேலையைப் பிளகினிடம், அதாவது வேர்ட்பிரஸோடு இணைத்துக்கொள்ளும் கூடுதல் நிரலிடம், விட்டுவிடலாம். பக்கம் திறக்கும் நேரத்தில் தரவுத்தளத்தைப் பார்த்து, அப்போது என்னென்ன பக்கங்கள் இருக்கின்றனவோ அவற்றை வைத்துப் பட்டியல் போட்டுத் தரும். இங்கே நான் எடுத்துக்கொள்வது பேஜ்-லிஸ்ட் என்ற இலவசப் பிளகின்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தளத்தின் எல்லாப் பக்கங்களும் ஒரே பட்டியலாக வந்தால் போதும் என்றால் பிளகினே வேண்டாம். வேர்ட்பிரஸ் 5.8 பதிப்பிலிருந்து பேஜ் லிஸ்ட் என்ற பிளாக் (பக்கத்தில் செருகும் ஆயத்தத் துண்டு) கூடவே வருகிறது. எடிட்டரில் கூட்டல் குறியை அழுத்தித் தேடினால் கிடைக்கும். வாசகர் எந்தப் பக்கத்தில் நிற்கிறாரோ அதற்கேற்ப மாறும் பட்டியல் வேண்டுமென்றால் தொடர்ந்து படியுங்கள்.

படி 1: பக்கங்களுக்கு உறவுமுறை கொடுங்கள்

பிளகினை நிறுவத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். பட்டியல் சரியாக வருவதும் வராததும் இந்தப் படியில்தான் இருக்கிறது. யார் தாய், யார் பிள்ளை என்று நீங்கள் எழுதி வைத்ததைப் பிளகின் வாசித்துச் சொல்கிறது, அவ்வளவுதான்.

புகைப்படக் கலை கற்றுத்தரும் தளம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். "கேமரா அடிப்படைகள்" தாய்ப் பக்கம். அதன் கீழே "அப்பர்ச்சர்", "ஷட்டர் வேகம்", "ஐஎஸ்ஓ" என்று மூன்று பிள்ளைகள்.

டேஷ்போர்டில், அதாவது தளத்தை நிர்வகிக்கும் திரையில், பேஜஸ் பகுதிக்குப் போங்கள். "அப்பர்ச்சர்" என்ற தலைப்பின் மேல் சுட்டியைக் கொண்டுபோனால் கீழே குயிக் எடிட் என்று தெரியும். அதை அழுத்துங்கள். பேரண்ட் என்ற இடத்தில் "கேமரா அடிப்படைகள்" பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். அருகிலேயே ஆர்டர் என்றொரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் 10 என்று போட்டு அப்டேட் கொடுங்கள். ஷட்டர் வேகத்துக்கு 20, ஐஎஸ்ஓவுக்கு 30.

ஏன் 1, 2, 3 இல்லை? நாளைக்கே அப்பர்ச்சருக்கும் ஷட்டர் வேகத்துக்கும் நடுவில் ஒரு பாடம் வரலாம். அதற்கு 15 என்று போட்டால் வேலை முடிந்தது. 1, 2, 3 என்று வைத்திருந்தால் பின்னால் வரும் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். எண்ணே போடாமல் விட்டால் எல்லாம் 0 என்று நின்று, தலைப்பின் அகரவரிசைப்படி பட்டியல் வரும். பாடங்களுக்கு அது சரிப்படாது.

சேமித்ததும் பிள்ளைப் பக்கங்களின் தலைப்புக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு தெரியும். அது தெரிந்தால் உறவு ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

படி 2: பிளகினை நிறுவுங்கள்

பிளகின்ஸ் பகுதியில் புதிதாகச் சேர்க்கும் பக்கத்துக்குப் போய்ப் பெயரைத் தேடி, இன்ஸ்டால், பிறகு ஆக்டிவேட். பக்கவாட்டு மெனுவில் புதிதாக எதுவும் முளைக்கவில்லையே என்று திகைக்க வேண்டாம். எல்லாமே ஷார்ட்கோடு வழியாகத்தான் நடக்கும்.

படி 3: ஷார்ட்கோடை வையுங்கள்

ஷார்ட்கோடு என்பது சதுர அடைப்புக்குறிக்குள் எழுதும் ஒரு கட்டளைச் சொல். கீழே வரும் பெயர்களை ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், நடுவில் இடைவெளி விடாமல் தட்டச்ச வேண்டும். உச்சரிப்பை மட்டும் இங்கே தருகிறேன்.

"கேமரா அடிப்படைகள்" பக்கத்தைத் திறந்து, ஷார்ட்கோடு என்ற பிளாக்கைச் சேர்த்து, அதில் "சப்பேஜஸ்" என்பதைச் சதுர அடைப்புக்குள் எழுதுங்கள். எடிட்டரில் வெறும் எழுத்தாகத்தான் நிற்கும். முன்னோட்டத்தைத் திறந்தால் மூன்று பாடங்களும் இணைப்புகளாக வரிசையில் நிற்கும்.

பிள்ளைப் பக்கங்களில் "சிப்ளிங்ஸ்" என்பதை வையுங்கள். பெயருக்கேற்றபடி அது உடன்பிறப்புகளைக் காட்டும். ஐஎஸ்ஓ படிப்பவர் அங்கிருந்தே ஷட்டர் வேகத்துக்குத் தாவலாம். எந்தத் தாயும் இல்லாத மேல்மட்டப் பக்கத்தில் மட்டும் இதை வைக்காதீர்கள். தொடர்பு கொள்ளும் பக்கம் உட்படத் தளமே திரண்டு வந்து நிற்கும்.

வெறும் எழுத்தாக இல்லாமல் படமும் இரண்டு வரிச் சுருக்கமும் வேண்டுமா? "பேஜ்லிஸ்ட்", அடிக்கோடு, பிறகு இ, எக்ஸ், டி என்ற மூன்று எழுத்துகள்: இந்த மூன்றையும் சேர்த்து ஒரே ஷார்ட்கோடாக எழுதுங்கள். பக்கங்களுக்குச் சிறப்புப் படம் வைத்திருந்தால் பார்க்க நன்றாகவே இருக்கும்.

படி 4: வேண்டாததை விலக்குங்கள்

ஒரு பக்கம் பட்டியலில் வரக்கூடாது என்றால் "எக்ஸ்க்ளூட்" என்ற சொல்லையும், சமக்குறியும், மேற்கோள் குறிக்குள் அந்தப் பக்கத்தின் எண்ணையும் ஷார்ட்கோடு பெயருக்குப் பின் சேர்க்க வேண்டும். எண் எங்கே இருக்கிறது? அந்தப் பக்கத்தைத் திருத்தத் திறந்து, உலாவியின் முகவரிப் பட்டையைப் பாருங்கள். "போஸ்ட்" என்ற சொல்லுக்கும் சமக்குறிக்கும் பிறகு வருவதுதான் அது. பல பக்கங்கள் என்றால் எண்களுக்கு நடுவே காற்புள்ளி. பேரன் பேத்திகள் வேண்டாம், நேரடிப் பிள்ளைகள் போதும் என்றால் "டெப்த்" என்பதற்கு 1.

வரவில்லையா?

பெரும்பாலும் மேற்கோள் குறிதான் குற்றவாளி. எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டும்போது வளைந்த குறிகள் வந்துவிடும். அவற்றை வேர்ட்பிரஸ் புரிந்துகொள்ளாது. அழித்துவிட்டு உங்கள் விசைப்பலகையிலேயே நேரான குறியாகத் தட்டுங்கள். ஒரு மணி நேரம் பிளகினைத் திட்டிவிட்டுத்தான் இது எனக்குப் புரிந்தது.

குறிப்பிட்ட ஒரு பக்கம் மட்டும் காணோம் என்றால் அது இன்னும் டிராஃப்டில் கிடக்கிறதா என்று பாருங்கள். வெளியிட்டவை மட்டுமே பட்டியலுக்கு வரும்.

எல்லாம் சரியாக இருந்தும் பழைய பட்டியலே தெரிகிறதா? கேஷ் பிளகின் ஏதாவது போட்டிருப்பீர்கள். அது சேமித்து வைத்த பழைய பிரதியைக் கொடுத்துக்கொண்டிருக்கும். கேஷை ஒரு முறை காலி செய்துவிட்டு, தளத்தைத் தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பாருங்கள்.